நாலு மாடி ஹாஸ்டலுக்கு நான் அனுமதி வாங்கிய விவரம்

கடல் தாண்டி மஸ்கட்டில் ஏசிக் காற்றில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அருமை மருமகன் விபினுக்கு, உன் அம்மையின் ஒரே தம்பியும், அந்தக் காலத்து ஒன்பதாம் வகுப்பை மூன்று வருஷம் ஊன்றிப் படித்தவனுமாகிய மாமன் சுயம்புராஜ் எழுதுவது. இங்கே நானும் உன் மாமி பூங்கனியும் நலம், கிணற்றில் வெள்ளம் கைக்கெட்டும் தூரத்தில் நலம், முற்றத்துப் பிலா மரமும் நலம், அதில் ஒரு கொப்பு மட்டும் ஒடிந்துபோன காரணம் கீழே வரும். அங்கே நீயும் ஜிஷாவும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கொஞ்சம் சுகக்குறைவு இருந்தாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது சரியாகிவிடும், அப்படிப்பட்ட சங்கதி இது.

வாட்ஸ்அப் இருக்கும்போது மாமா ஏன் பேப்பரும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். நான் அனுப்புகிற பேச்சையெல்லாம் நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று ஜிஷா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. ஆனால் இந்த விஷயத்தை அந்த வேகத்தில் கேட்டால் பாதி நுணுக்கம் காற்றோடு போய்விடும், கடிதம் என்றால் நான் எழுதின வேகத்தில்தான் நீ படித்தாக வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பேரூராட்சி முத்திரை குத்தின உத்தரவு நேற்று மத்தியானம் என் கைக்கு வந்தது, இப்போது அது அலமாரியில் என் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது. உங்கள் கம்பெனி மார்ச்சோடு மூடுகிறது, ஜூன் மாதம் குட்டியை இங்கே ஸ்கூலில் சேர்க்க வேண்டும், ஊரில் வந்து இறங்கினால் பிழைப்புக்கு அந்த இருபத்திரண்டு சென்ட்டும் அதில் எழும்பப்போகிற ஹாஸ்டலும்தான், அனுமதி இல்லையென்றால் மறுபடியும் வேறு ஏதோ பாலைவனத்தில் வேலை தேட வேண்டும் என்று நீ போனில் சொன்னபோது உன் குரல் ஒரு மாதிரி இருந்தது. அந்தக் குரலுக்காகத்தான் நான் இறங்கினேன். இனி நீ தைரியமாகப் பெட்டி கட்டலாம்.

இப்போது விவரத்துக்கு வருகிறேன். நீ என்னிடம் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது. "மாமா, பிளான் கவரை பேரூராட்சி ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்கிட்டு வந்தாப் போரும், யார்கிட்டயும் ஒண்ணும் பறையண்டாம்" என்றாய். நானும் அப்படியே செய்வதாகத்தான் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, நம்ம மருமகன் என்னதான் கட்டப்போகிறான் பார்ப்போமே என்று கவரை லேசாகப் பிரித்தேன். பார்த்தால் இரண்டே மாடி, பதினாறு அறை, நர்சிங் காலேஜ் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். பதினோரு வருஷம் பாலைவனத்தில் கிடந்தவன் கேட்கிற அளவா இது என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பி வந்து, ஸ்கேலும் நாலு நிறப் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். மேலே இன்னும் இரண்டு மாடி, அதற்கு ஒரு லிப்ட், மொட்டை மாடியில் நடைபாதை, இன்ஜினியரிங் படிக்கிற பையன்களுக்குத் தனி வாசல் என்று நான் போட்ட பிளானைப் பார்த்துவிட்டு, நாகர்கோவிலில் பெரிய பெரிய கட்டடம் கட்டுகிற ஒரு இன்ஜினியர் யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். அவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர், அவசரத்தில் பெயர் கேட்க மறந்துவிட்டேன். உன் பிளானைப் பத்திரமாக அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு என் பிளானைக் கொடுத்தேன். மாடி நாலும் ஏன் வேறு வேறு மையில் இருக்கிறது என்று கிளார்க் கேட்டான், மாடிக்கு ஒரு நிறம் என்றேன், ரசீது போட்டுத் தந்துவிட்டான்.

அன்றே வேலை முடிந்திருக்கும். ஆனால் பக்கத்து வீட்டு நேசம்மாள் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டுவது மரியாதை இல்லையே. அவள் என்னோடு ஒன்பதாம் வகுப்பு படித்தவள். அந்த வருஷம் அவள் அவசரப்பட்டுப் பாஸாகிப் போய்விட்டாள், பிறகு ஹெட்மிஸ்ட்ரஸாக ரிட்டயர் ஆனாள், அதிலிருந்து என்னைக் கண்டால் ஒரு இளக்காரம். நம் வழியின் இடது பக்கம் அவள் மதில், வலது பக்கம் என் மதில், அந்தப் பத்தடி வழியின் கடைசியில்தான் உன் இடம், ஆகையால் அவளுடைய நல்லெண்ணம் முக்கியம் என்று நானாகப் போய் உட்கார்ந்து, அவள் தந்த சாயாவையும் குடித்து, பிளானை விளக்கினேன். நாலாவது மாடியில் நின்றால் முட்டம் லைட் ஹவுஸ் பளிச்சென்று தெரியும் டீச்சர், ஊருக்கே பெருமை என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "லைட் ஹவுஸ் தெரியுமுன்னா எனக்க குளிமுறியும் தெரியுமே சுயம்பு" என்றாள். குளிக்கிற அறைக்கு ஓடு போட்டால் போயிற்று என்றேன். சாயா கிளாஸை வாங்கி வைத்துவிட்டாள். மறுநாள் ஏழு வீட்டுக்காரர்களின் கையொப்போடு ஆட்சேபனை மனு ஆபீஸுக்குப் போயிற்று. நான் போய்ச் சொல்லியிராவிட்டால் அவளுக்கு விஷயமே தெரிந்திருக்காது என்று உன் மாமி சொல்கிறாள். அதைத்தான் நானும் சொல்கிறேன், எதிரியை இருட்டில் வைத்து ஜெயிப்பது எனக்குப் பிடிக்காது.

ஏழு ஒப்புக்கு நான் எழுபதாவது காட்ட வேண்டாமா. அந்த ஞாயிற்றுக்கிழமை நம் சர்ச் சபையில் அசனம். ஊரையே வரிசையாக உட்காரவைத்துச் சோறும் கறியும் போடுகிற அன்றைக்கு, சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் ஒரே இடத்தில் அகப்படுவார்கள், வீடு வீடாக ஏற வேண்டியதில்லை. ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, மேலே ‘மாணவர் விடுதிக்கு ஆதரவு’ என்று எழுதி, பந்தல் வாசலில் ஃபேனுக்குக் கீழே ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்தேன். மருமகனே, என்ன சொல்ல, ஜனம் திரண்டுவிட்டது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பேனாவைப் பிடுங்கி எழுதுகிறார்கள், பின்னால் நிற்கிறவன் முன்னால் நிற்கிறவனைத் தள்ளுகிறான். ஒவ்வொருவரும் பெயருக்குப் பக்கத்தில் நாலு, ஆறு, மூன்று என்று ஒரு நம்பரும் போட்டார்கள், கதவு நம்பர் என்று நினைத்துக்கொண்டேன், நம் ஜனத்தின் ஒழுங்கைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. நடுவில் அசனக் கமிட்டி ரசலையன் ஓடிவந்து, எத்தனை ஆச்சு அண்ணாச்சி என்று கேட்டான். நூற்று நாற்பத்து மூன்று என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் ஓடினான். கடைசி இரண்டு பந்திக்குக் கறி கிடைக்காமல் போனதாக இப்போது சிலர் பேசுகிறார்கள், அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அடுத்த கவுன்சில் கூட்டத்தில் நான் நோட்டைக் கொண்டுபோய்த் தலைவர் சிவதாணுவின் மேஜையில் வைத்தேன். சிவதாணு நல்ல மனுஷன், ஆனால் எதையும் உரக்கப் படித்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. நோட்டைப் பிரித்தார், மூக்கைச் சொறிந்தார், படித்தார்.

"ரசலையன், ஆறு பேரு. ஒரு பார்சல். எலும்பு இல்லாம."

அவர் விடவில்லை, அடுத்த வரியைப் படித்தார். "ஸ்மைலின், மூணு பேரு, அம்மைக்கு மட்டும் கறியில எரிவு கொறச்சு." பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இது என்னவாக்கும் ஓய்?" என்று கேட்டார். பின்வரிசையில் டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள். வேறொருவனாக இருந்தால் அந்த இடத்திலேயே குனிந்திருப்பான். நான் எழுந்து, ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பாடு எப்படி இருக்கும் என்று ஊருக்கு இப்போதே நம்பிக்கை வந்து முன்பதிவு செய்துவிட்டார்கள், இதைவிட என்ன ஆதரவு வேண்டும் என்று ஒரு போடு போட்டேன். ஐந்து நிமிஷம் கைதட்டு ஓயவில்லை. சிரிப்பும் கலந்திருந்தது என்பதை நான் மறைக்கவில்லை.

ஆனால் டீச்சர் எழுந்து ஒரு கேள்வி போட்டாள், அதுதான் கொஞ்சம் இடைஞ்சல். பத்தடி வழியில் தீயணைப்பு வண்டி எப்படிப் போகும், அறுபது எழுபது பிள்ளைகள் படுத்திருக்கிற இடத்தில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டாள். செயல் அலுவலர் அதைக் குறித்துக்கொண்டார். வழி போதாது என்றால் எத்தனை மாடி என்றாலும் அனுமதி இல்லை, கோப்பை மூடவேண்டியதுதான் என்றார். எனக்கு உன் குரல் ஞாபகம் வந்தது. உடனே சொன்னேன், தீயணைப்பு வண்டியைவிடப் பெரிய வண்டியே போகும், நீங்கள் நேரில் வாருங்கள், கண்ணால் காட்டுகிறேன் என்று. புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தள ஆய்வு என்று முடிவாயிற்று.

புதன்கிழமை தலைவரும் செயல் அலுவலரும் இரண்டு மெம்பர்களும் ஜீப்பில் வந்து உன் இடம் வரை போய் இறங்கினார்கள். நான் தண்ணீர் லாரி ஒன்று சொல்லி வைத்திருந்தேன், பன்னிரண்டாயிரம் லிட்டர், முழுக்க நிறைத்தது. அரைகுறையாகக் காட்டுவது நமக்குப் பழக்கமில்லை. டிரைவர் தேங்காய்ப்பட்டணத்துக்காரன், ஹார்பருக்கு வெள்ளம் அடித்துப் பழகினவன். வழியின் வாயில் நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள போவும் அண்ணாச்சி. வெளிய வருமான்னு கேளுங்க" என்றான். கேள்வி உள்ளே போவதைப் பற்றி மட்டும்தான் என்று சொல்லி, முன்னால் நின்று கையைக் காட்டி நானே கூட்டிக்கொண்டு வந்தேன். போயிற்று மருமகனே. இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளியில், தேர் மாதிரி அசைந்து அசைந்து போயிற்று. பாதி வழியில் நம் பிலாவின் கொப்பு டேங்குக்கு மேலே சிக்கியது, டிரைவர் ஒடித்துத் திருப்பினான், முன்சக்கரம் டீச்சர் மதிலில் முட்டியது, பின்பக்கம் என் மதிலில் முட்டியது, அவ்வளவுதான், நின்றுவிட்டது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. வழியை அளக்க வந்தவர்களுக்கு இதைவிடத் துல்லியமான அளவு யார் கொடுப்பார்கள். பின்னால் எடுக்கச்சொல்லிக் குனிந்து கை காட்டும்போது என் சட்டைப் பையிலிருந்த கண்ணாடி விழுந்து டயருக்கு அடியில் போயிற்று, அது ஒன்றுதான் சேதம். மற்றபடி ஜீப்பும் தலைவரும் ஆபீசரும் மெம்பர்களும் லாரிக்கு அந்தப்புறம், வெளியுலகம் இந்தப்புறம்.

நாலு மணி நேரம் அப்படி இருந்தது, பிறகுதான் லாரி வெளியே வந்தது. வெள்ளத்தைத் திறந்துவிட்டால்தான் லாரி லேசாகும் என்று டிரைவர் சொல்ல, பன்னிரண்டாயிரம் லிட்டரும் உன் இடத்தில் பாய்ந்தது. வெயில் காலத்தில் அந்த மண் அவ்வளவு குளிர்ந்ததே இல்லை. உன் மாமி என்ன செய்வாள், மரச்சீனிக் கிழங்கு அவித்து சாளை மீன் கறி வைத்தாள், அதிகாரிகள் எல்லாரும் நம் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டீச்சரும் மதிலுக்கு மேலே சாயாப் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கொய்யா மரத்தடியில் நடந்ததைக் கண்டேன், முதலில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், பிறகு சிரித்தாள், கடைசியில் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. யாரிடம் பேசினாளோ தெரியாது. திரும்பி வந்து ஆபீசரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினாள். நான் அப்போது டயருக்கு அடியில் மண் தோண்டிக்கொண்டிருந்தேன், மரியாதைக்காகக் காது கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து செயல் அலுவலர் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து இதில் ஒரு ஒப்பு வேண்டும் என்றார். கண்ணாடி இல்லை, ஆனாலும் மாமி சாப்பாட்டு இலை எண்ணிக்கொண்டிருந்த நேரம், எனக்குப் புரியாதா, சாப்பிட்டவர்கள் கணக்கை அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டியிருக்கும். அசனத்தில் கற்ற பாடத்தை மறக்காமல், பெயரை எழுதி, பக்கத்தில் நானும் மாமியும் என்கிற அர்த்தத்தில் ‘இரண்டு பேர், பார்சல் வேண்டாம்’ என்றும் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அரசு அதிகாரி ஒருவர் எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை, சோற்றுக்குக் கிடைத்த மரியாதை.

போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில் டீச்சர் தானாகவே எழுந்து ஆட்சேபனையை வாபஸ் வாங்கினாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தோற்றவர்களின் சுபாவம் அது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நேற்று உத்தரவு வந்தது. அரசாங்கம் பொடி எழுத்தில் அடிப்பதால் என்னால் முழுதும் படிக்க முடியவில்லை, புதுக் கண்ணாடி தக்கலைக் கடையில் திங்கட்கிழமைதான் கிடைக்கும், நான் எழுதுகிற அளவுக்குப் பெரிதாக எழுதினால் நான் வாசித்துவிடுவேன். ஆனால் ‘அனுமதிக்கப்படுகிறது’ என்கிற வார்த்தையைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். ஆக நாலு மாடி, லிப்ட், நடைபாதை எல்லாம் முடிந்தது என்று வைத்துக்கொள். பெயர்ப் பலகையும் அடித்தாயிற்று, ‘சுயம்பு டவர்ஸ்’ என்று சிவப்பில் எழுதச் சொன்னேன், உனக்கு ஆட்சேபனை இருக்காது. இந்தச் செய்தியை நேற்றுப் போனில் சொன்னபோது நீ "சரி மாமா, சரி மாமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய், தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது, சந்தோஷத்தில் எனக்கும் அப்படித்தான்.

வரும்போது எனக்கு ஒன்றும் வேண்டாம், கோடாலித் தைலம் மட்டும் நாலைந்து குப்பி, லாரிக்கு அடியில் தோண்டினதிலிருந்து இடுப்பு பிடித்திருக்கிறது. குட்டிக்கு மாமனின் முத்தம். ஜிஷாவுக்கு மாமியின் விசாரிப்பு. நீங்கள் ஏறுகிற விமானம் ஆடாமல் அசையாமல் திருவனந்தபுரத்தில் இறங்கவும், உங்கள் வீட்டில் உலை எந்நேரமும் கொதிக்கவும், உன் கட்டடம் நீ நினைத்ததைவிட உயரமாக நிற்கவும் மேலே இருப்பவரைக் கும்பிட்டு ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
எடுத்த காரியத்தைப் பாதியில் விடாத
தாய்மாமன் சுயம்புராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் உன் மாமி உத்தரவை எடுத்து வாசித்துவிட்டாள். மேலே எழுதினதில் சில சின்னத் திருத்தங்கள். அனுமதி இரண்டு மாடிக்கு. பெண்பிள்ளைகளுக்கு மட்டும். விண்ணப்பதாரரின் மனைவி மின்னஞ்சலில் அனுப்பிய மூல வரைபடம் ஏற்கப்படுகிறது, பிரதிநிதி கொடுத்த பல நிற வரைபடம் நிராகரிக்கப்படுகிறது என்று முதல் வரியிலேயே இருக்கிறதாம். புதன்கிழமை டீச்சர் கொய்யா மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தது ஜிஷாவோடு. ஜிஷா பத்தாம் வகுப்பில் அவளுடைய மாணவி என்பதை எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். டீச்சர் வீட்டுப் பக்கம் ஜன்னல் கிடையாது, வார்டனாக டீச்சரே இருப்பாள், இதெல்லாம் நிபந்தனை. நான் நாலு மாடி கேட்காமல் இருந்திருந்தால் அவர்கள் இரண்டு கொடுத்திருப்பார்களா என்பதை நீ யோசித்துப் பார். நேற்று உன் தொண்டையில் அடைத்தது என்ன என்பதும் இப்போது எனக்குப் புரிகிறது, அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

நிபந்தனைகளில் கடைசி ஒன்று இருக்கிறது. வழியை அகலப்படுத்த மேற்படி சுயம்புராஜ் தன்னுடைய மதிலை நாலடி உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்வதாக, இரண்டு பேரின் சம்மதத்துடன், பார்சல் ஏதும் கோராமல் எழுதிக் கொடுத்துள்ளார், இது இல்லாமல் அனுமதி செல்லாது, என்று அச்சடித்திருக்கிறது. மாமி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்க சம்மதத்தையும் சேத்தா எழுதிக் குடுத்திய?" என்று கேட்டாள். தெரிந்துதான் செய்தேன் என்றேன். முற்றத்தில் இறங்கி மதிலிலிருந்து நாலு அடி வைத்து அளந்து பார்த்தாள். நாலடி உள்ளே என்றால் அவளுடைய முருங்கையும் துணி காயப்போடுகிற கொடியும் போகும், என் பெயர் பொறித்த கேட்டும் போகும். பிறகு, "போவட்டு. பிள்ளைய எல்லாரும் ஊருக்கு வரட்டு" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயைப் பறிக்கக் கம்பு எடுத்துக்கொண்டு போனாள். எனக்கும் அதுதான் எண்ணம், நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். சுயம்பு டவர்ஸ் பலகை கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிட்டது, மழைக்கு நல்ல தடுப்பு.

திங்கட்கிழமை மதிலை இடிக்கிறோம். கல் அள்ள டிப்பர் கேட்டேன், எங்கும் கிடைக்கவில்லை, அதனால் லாரிக்காரன் தேங்காய்ப்பட்டணத்தானிடமே வேறொரு வண்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வழியின் வாயில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்வதாகச் சொன்னான். எதற்கு நிறுத்துவது, நேரே உள்ளே வா, முன்னால் நின்று நானே கை காட்டுகிறேன் என்று உறுதி கொடுத்திருக்கிறேன்.